வரலாற்றில் இன்று: ஒரே தேதியில் நிகழ்ந்தவற்றைப் பிழையின்றித் தொகுக்கும் முறை

‘வரலாற்றில் இன்று’ என்ற தலைப்பில் ஒரு நாளுக்குரிய நிகழ்வுகளைத் திரட்டித் தருவது எளிய வேலையாகத் தோன்றும். தேதியைக் கொடுத்துத் தேடினால் நூற்றுக்கணக்கான நிகழ்வுகள் வந்து குவிகின்றன. அவற்றுள் பத்தைப் பொறுக்கி ஆண்டு வரிசையில் அடுக்கிவிட்டால் பணி முடிந்தது என்றே பலரும் கருதுகிறார்கள். அப்படி அடுக்கப்பட்ட பட்டியலில் ஆண்டும் பெயரும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிழை நுழைவது தேதியில்தான். ஒரு நிகழ்வை ஒரு தேதியின் கீழ் எழுதும்போது நாம் மூன்று கேள்விகளுக்கு ஒரே சமயத்தில் விடை சொல்லிவிடுகிறோம்: எந்த நாட்காட்டியின்படி அந்தத் தேதி, எந்த ஊரின் கடிகாரத்தின்படி அந்த நாள், நிகழ்வின் எந்தக் கணத்தை வைத்து அதைக் குறித்தோம். இம்மூன்றையும் கேட்டுப் பார்த்த பிறகு எழுதப்படும் பட்டியல் சிறியதாக இருந்தாலும் நம்பத்தக்கதாக இருக்கும்.

முறையை விளக்க மே 29 என்ற தேதியை எடுத்துக்கொள்கிறேன். 1453ஆம் ஆண்டு இந்தத் தேதியில் கான்ஸ்டான்டிநோபிள் நகரம் ஓட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மதின் படையிடம் வீழ்ந்தது. 1660இல் நாடு கடந்து வாழ்ந்த இரண்டாம் சார்லஸ் மன்னராக லண்டனுக்குள் நுழைந்தார். 1914இல் ‘எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து’ என்ற பயணிகள் கப்பல் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் மூழ்கி 1,012 பேர் இறந்தனர். 1917இல் ஜான் கென்னடி பிறந்தார். 1919இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டைச் சோதிக்க உதவிய முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. 1948இல் ஐக்கிய நாடுகள் அவையின் முதல் அமைதிகாப்புப் பணிக்கு வழிவகுத்த தீர்மானம் பாதுகாப்பு அவையில் நிறைவேறியது. 1953இல் டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். 1985இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் கால்பந்து இறுதியாட்டம் தொடங்குமுன் ஏற்பட்ட நெரிசலில் 39 பேர் உயிரிழந்தனர். இந்த எட்டும் உண்மை. எனினும் இவை அனைத்தும் ஒரே வகையான ‘மே 29’ அல்ல என்பதைக் கீழே காணலாம்.

முதலில் குறிப்பு, பிறகு பட்டியல்

நிகழ்வைக் கண்டவுடன் பட்டியலில் சேர்க்காமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனித்தாள் அல்லது அட்டவணையில் ஒரு வரிசை ஒதுக்குவது நல்லது. அதில் நிகழ்வு, இடம், உள்ளூர் நேரம், அக்காலத்தில் அங்கே வழங்கிய நாட்காட்டி, கிழமை, தகவல் கிடைத்த சான்று ஆகிய ஆறையும் நிரப்ப வேண்டும். ஏதேனும் ஒரு கட்டம் வெறுமையாக நின்றால் அங்கேதான் மேலும் தேட வேண்டும் என்று பொருள்.

சான்று என்னும் கட்டத்தில் கூடுதல் கவனம் தேவை. ‘வரலாற்றில் இன்று’ வகைப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்படுவது வழக்கம். ஆகவே பத்துப் பட்டியல்கள் ஒரே தேதியைச் சொன்னாலும், அவை எண்ணிக்கையில் பத்தே தவிர, சாட்சி ஒன்றுதான். அந்நிகழ்வைப் பற்றியே விரிவாக எழுதப்பட்ட வரலாற்று நூல், அரசிதழ், நீதிமன்ற அல்லது நாடாளுமன்றப் பதிவு, அக்காலச் செய்தித்தாள், நம்பகமான கலைக்களஞ்சியம் ஆகியவற்றுள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டையாவது பார்ப்பது குறைந்தபட்சக் கடமை. செய்தித்தாளைச் சான்றாகக் கொள்ளும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். காலை நாளிதழ் முந்தைய நாளின் செய்தியைச் சொல்வது. இதழின் முகப்பில் உள்ள தேதியை நிகழ்வின் தேதியாக எடுத்துக்கொண்டால் ஒரு நாள் பிசகிவிடும்.

எந்த நாட்காட்டி?

இந்தப் பணியில் மிகக் கடினமானதும் எனக்கு மிகவும் பிடித்ததும் இந்தப் பகுதியே. ஜூலியஸ் சீசர் வகுத்த ஜூலியன் நாட்காட்டியில் ஓர் ஆண்டின் சராசரி நீளம் 365.25 நாள்கள். பருவங்களின் சுழற்சியோ அதைவிடச் சற்றுக் குறைவான காலத்தில் நிறைவடைகிறது. இந்தச் சிறு வேறுபாடு நூற்றாண்டுகளில் சேர்ந்து பத்து நாள்களாகப் பெருகியபோது, போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582இல் நாட்காட்டியைத் திருத்தினார். நூறால் வகுபடும் ஆண்டுகளுள் 400ஆலும் வகுபடுபவை மட்டுமே இனி நெட்டாண்டு (366 நாள் கொண்ட லீப் ஆண்டு) என்ற விதி வந்தது. அதன்படி 1600, 2000 ஆகியவை நெட்டாண்டுகள். 1700, 1800, 1900 ஆகியவை அல்ல. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிசகைக் களைய, 1582 அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி என்று அறிவிக்கப்பட்டது. ஸ்பெயினைச் சேர்ந்த துறவி அவிலாவின் தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில்தான். நான்காம் தேதிக்கும் பதினைந்தாம் தேதிக்கும் இடைப்பட்ட ஒரே இரவில் ஒருவர் மறைந்தார் என்று எழுத நேர்வது வரலாற்றில் மிக அரிது.

எல்லா நாடுகளும் ஒரே நாளில் மாறியிருந்தால் சிக்கல் இருந்திருக்காது. ஸ்பெயின், போர்த்துகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகியவை உடனே மாறின. பிரான்ஸ் அதே ஆண்டு டிசம்பரில் மாறியது. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752 வரை காத்திருந்து, செப்டம்பர் 2ஐ அடுத்துச் செப்டம்பர் 14 என்று கணக்கிட்டன. ஜப்பான் 1873இல் இந்த நாட்காட்டியை ஏற்றது. ரஷ்யாவில் 1918 ஜனவரி 31க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14 ஆயிற்று. கிரேக்கம் 1923இல்தான் மாறியது. ஸ்வீடன் மாறத் தொடங்கிப் பாதியில் மனம் மாறியதன் விளைவாக 1712இல் அந்நாட்டில் பிப்ரவரி 30 என்ற தேதியே இருந்தது. ஆகவே 1582 முதல் 1923 வரையிலான ஐரோப்பிய நிகழ்வு எதுவாயினும், அந்த நாடு அப்போது எந்த நாட்காட்டியில் இருந்தது என்று பார்க்காமல் தேதியை எழுதக் கூடாது.

ஜூலியன் தேதியைக் கிரிகோரியன் தேதியாக மாற்றுவதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை நீக்கிவிட்டு எஞ்சும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 4ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு ஈவை மட்டும் அதிலிருந்து கழியுங்கள். பின்னர் மேலும் 2ஐக் கழியுங்கள். கிடைப்பதே கூட்ட வேண்டிய நாள்களின் எண்ணிக்கை. 1453க்கு எஞ்சும் எண் 14, ஈவு 3, 14இலிருந்து 3ஐயும் 2ஐயும் கழித்தால் 9. எனவே கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்த மே 29, கிரிகோரியன் கணக்கில் ஜூன் 7 ஆகிறது. 1660க்கு 16இலிருந்து 4ஐயும் 2ஐயும் கழித்தால் 10. சார்லஸ் லண்டனுக்குள் நுழைந்த நாள் ஜூன் 8. 1917க்கு விடை 13. ரஷ்யப் புரட்சியின் அக்டோபர் 25, உலகின் பிற பகுதிகளுக்கு நவம்பர் 7 ஆக இருந்ததும், ‘அக்டோபர் புரட்சி’யின் ஆண்டுவிழா நவம்பரில் கொண்டாடப்பட்டதும் இதனால்தான். 1700, 1800, 1900 போன்ற ஆண்டுகளின் ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு மட்டும் முந்தைய நூற்றாண்டின் எண்ணையே பயன்படுத்த வேண்டும்.

அப்படியானால் 1453ஆம் ஆண்டு நிகழ்வை ஜூன் 7க்கு மாற்றிவிட வேண்டுமா? வேண்டாம் என்பதே வரலாற்றாசிரியர்களிடையே நிலைத்த வழக்கம். 1582க்கு முந்தைய நிகழ்வுகளை ஜூலியன் தேதியிலேயே விட்டுவிடுகிறார்கள். கான்ஸ்டான்டிநோபிளின் வீழ்ச்சியைத் துருக்கியரும் கிரேக்கரும் மே 29 அன்றே நினைவுகூர்கிறார்கள். 1582க்குப் பிந்தைய நிகழ்வுகளில்தான் தொகுப்பவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அந்தந்த நாட்டில் அன்று வழங்கிய தேதியைப் பின்பற்றுவதா, அனைத்தையும் கிரிகோரியனுக்கு மாற்றுவதா என்பதில் எதைத் தேர்ந்தாலும் குற்றமில்லை. ஒரே பட்டியலில் இரண்டையும் சொல்லாமல் கலப்பதுதான் குற்றம். நான் பரிந்துரைப்பது உள்ளூர்த் தேதியை வைத்துக்கொண்டு, மாற்றுத் தேதியை அதே பதிவில் ஒரு சொற்றொடராகச் சேர்ப்பது. வாசகர் வேறோர் இடத்தில் ஜூன் 8 என்று படித்தாலும் குழம்ப மாட்டார்.

இந்தக் கலப்பினால் பிறந்த இரண்டு புகழ்பெற்ற தவறுகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் ஒரே நாளில், 1616 ஏப்ரல் 23 அன்று, மறைந்தார்கள் என்பது முதலாவது. இங்கிலாந்து அப்போது ஜூலியனிலும் ஸ்பெயின் கிரிகோரியனிலும் இருந்தன. ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3. போதாததற்குச் செர்வாண்டிஸ் மறைந்தது ஏப்ரல் 22. 23ஆம் தேதி அவர் அடக்கம் செய்யப்பட்ட நாள். இரண்டாவது, கலிலியோ மறைந்த 1642ஆம் ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்பது. கலிலியோவின் 1642 ஜனவரி 8 கிரிகோரியன் தேதி. நியூட்டனின் 1642 டிசம்பர் 25 ஜூலியன் தேதி, கிரிகோரியனில் அது 1643 ஜனவரி 4. ஒரே அளவுகோலால் அளந்தால் ஆண்டுப் பொருத்தமே மறைந்துவிடுகிறது.

இங்கிலாந்தைப் பொறுத்தவரை இன்னொரு கண்ணியும் உண்டு. 1752க்கு முன்பு அங்கே சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. எனவே மன்னர் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30, அக்கால ஆவணங்களில் 1648ஆம் ஆண்டின் கணக்கில் வரும். நமக்கு அது 1649. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது எழுதப்பட்ட தேதி 1731 பிப்ரவரி 11. இன்று நாம் சொல்வது 1732 பிப்ரவரி 22. நாள், ஆண்டு இரண்டும் மாறிவிட்டன.

கிழமையால் சோதிப்பது

நாட்காட்டிகள் மாறியபோதும் கிழமைகளின் வரிசை அறுபடவில்லை. வியாழனுக்குப் பின் வெள்ளிதான் வந்தது. ஆகவே ஒரு பழைய சான்று கிழமையையும் சொல்லியிருந்தால் அது தேதியைச் சரிபார்க்கும் உரைகல் ஆகிறது. கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்தது செவ்வாய்க்கிழமை என்று பதிவாகியிருக்கிறது. கிரிகோரியன் ஜூன் 7ஐக் கணக்கிட்டுப் பார்த்தாலும் செவ்வாயே வருகிறது. கிரிகோரியன் நாட்காட்டியில் 400 ஆண்டுகளுக்கு 146,097 நாள்கள், அதாவது மீதியில்லாமல் 20,871 வாரங்கள். எனவே நானூறு ஆண்டு இடைவெளியில் தேதியும் கிழமையும் மாறாமல் திரும்பி வரும்.

மனக்கணக்காகச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. எந்த ஆண்டாயினும் ஏப்ரல் 4, ஜூன் 6, ஆகஸ்ட் 8, அக்டோபர் 10, டிசம்பர் 12 ஆகியவை ஒரே கிழமையில் வரும். 1953இல் அந்தக் கிழமை சனி. ஜூன் 6 சனி என்றால், எட்டு நாள் பின்னோக்கிச் சென்றால் மே 29 வெள்ளி. எவரெஸ்ட் ஏறிய நாளின் கிழமையும் வெள்ளியே. ஒரு நூல் வியாழன் என்று எழுதியிருந்தால், கிழமையிலோ தேதியிலோ பிசகு இருப்பதாகக் கொண்டு வேறு சான்றைத் தேட வேண்டும்.

எந்த ஊரின் கடிகாரம்?

நிகழ்வு நடந்த இடத்தின் உள்ளூர்த் தேதியே பொதுவிதி. பெரும்பாலான நிகழ்வுகளுக்கு இது போதும். நள்ளிரவை ஒட்டியவையும் உலகின் இரு கோடிகளைத் தொடுபவையும் மட்டுமே தொல்லை தருகின்றன. பேர்ல் துறைமுகத் தாக்குதல் ஹவாயில் 1941 டிசம்பர் 7 காலையில் நடந்தது. டோக்கியோவில் அப்போது டிசம்பர் 8. மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை தரையிறங்கியதோ உள்ளூர்க் கணக்கில் டிசம்பர் 8, நள்ளிரவு கடந்த சற்று நேரத்தில். தேதிகளை மட்டும் பார்ப்பவர் பேர்ல் துறைமுகம் முதலில், மலாயா மறுநாள் என்று எழுதிவிடுவார். உண்மையில் மலாயாத் தரையிறக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முந்தியது. இத்தகைய இடங்களில் இரு தேதிகளையும் தந்து, எது முன்னது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் முடிந்த நாளும் இவ்வாறே இரண்டாகப் பிரிந்தது. ஜெர்மனியின் சரணாகதி 1945 மே 7 அதிகாலை ரெய்ம்ஸ் நகரில் கையெழுத்தானது. மே 8 இரவு 11 மணி 1 நிமிடத்துக்கு நடைமுறைக்கு வந்தது. அப்போது மாஸ்கோவில் மே 9 பிறந்துவிட்டது. மேற்கு ஐரோப்பா எட்டாம் தேதியையும் ரஷ்யா ஒன்பதாம் தேதியையும் வெற்றி நாளாகக் கொள்வதில் இரு தரப்புமே சரி.

நிலவில் நடந்ததற்கு உள்ளூர் நேரம் என்று ஒன்று இல்லை. அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது 1969 ஜூலை 20 அன்று, கிரீன்விச் நேரம் இரவு 8 மணி 17 நிமிடத்தில். நீல் ஆம்ஸ்ட்ராங் தரையில் கால் பதித்தது கிரீன்விச் கணக்கில் ஜூலை 21 அதிகாலை 2 மணி 56 நிமிடம். அமெரிக்காவில் அப்போதும் ஜூலை 20 இரவு. இந்திய நேரப்படி இரண்டுமே ஜூலை 21. விண்வெளி நிகழ்வுகளுக்குக் கிரீன்விச் நேரத்தைக் கொண்டு, அதைக் குறிப்பிட்டும் எழுதுவதே முறை.

எந்தக் கணம்?

நிகழ்வு என்று நாம் ஒற்றைச் சொல்லால் குறிப்பது பல நாள்களில் பரவிக் கிடக்கலாம். அமெரிக்கக் குடியேற்றங்களின் பேரவை விடுதலைக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2; பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றது ஜூலை 4; பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. ‘ஜூலை 4 அன்று பிரகடனத்தில் கையெழுத்திட்டனர்’ என்று எழுதினால், தேதி புகழ்பெற்றதாக இருந்தும் வாக்கியம் தவறாகிவிடுகிறது. இங்கே திருத்த வேண்டியது தேதியை அல்ல, வினைச்சொல்லை. ஏற்றது, கையெழுத்திட்டது, அறிவித்தது, நடைமுறைக்கு வந்தது என்பவை வெவ்வேறு செயல்கள். இந்திய அரசமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டு, 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்ததைப் போல.

நம் மே 29இலும் இது இருமுறை வருகிறது. 1919 கிரகணத்தின்போது வானியலாளர் ஆர்தர் எடிங்டனின் குழு மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிப்பே தீவிலும், மற்றொரு குழு பிரேசிலின் சோப்ரால் ஊரிலும், சூரியனை ஒட்டித் தெரியும் விண்மீன்களைப் படமெடுத்தன. ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளந்து கணக்கிட மாதங்கள் பிடித்தன. முடிவு லண்டனில் அறிவிக்கப்பட்டது நவம்பர் 6 அன்று. எனவே ‘மே 29: ஐன்ஸ்டைனின் கோட்பாடு மெய்ப்பிக்கப்பட்டது’ என்று எழுதுவது பிழை, அன்று நடந்தது படமெடுப்பு மட்டுமே. எவரெஸ்ட் செய்தியும் இப்படித்தான். உச்சியை அடைந்தது மே 29 முற்பகல் 11:30 மணி அளவில். உலகம் அறிந்தது ஜூன் 2, இரண்டாம் எலிசபெத் முடிசூடிய நாள் காலையில். ஏற்றத்தையும் முடிசூட்டலையும் ஒரே நாளில் வைத்து எழுதும் தவறு இதிலிருந்து முளைக்கிறது.

பழங்காலத்தவரின் பிறந்த நாள்களில் இதே எச்சரிக்கை வேண்டும். பல இடங்களில் பதிவேடு சொல்வது திருமுழுக்கு நாளையே. ஷேக்ஸ்பியர் 1564 ஏப்ரல் 26 அன்று திருமுழுக்குப் பெற்றதற்குப் பதிவு உண்டு. ஏப்ரல் 23 பிறந்த நாள் என்பது மரபு. பீத்தோவனுக்கு எஞ்சியிருப்பதும் 1770 டிசம்பர் 17 என்ற திருமுழுக்குப் பதிவே. ‘திருமுழுக்குப் பெற்றார்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் எந்த இழப்பும் இல்லை.

தற்செயலா, தேர்வா?

தேதிகள் சரியாகிவிட்டன என்றால், அடுத்து அவற்றினிடையே உள்ள உறவைப் பார்க்க வேண்டும். பட்டியலை வெறும் அடுக்கிலிருந்து வரலாறாக உயர்த்துவது இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

சில தேதிகள் மனிதர்களால் வேண்டுமென்றே மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. 1930 ஜனவரி 26 அன்று முழு விடுதலை நாள் கடைப்பிடிக்கப்பட்டதால்தான் 1950இல் குடியரசு அதே நாளில் பிறந்தது. 1701 ஜனவரி 18 அன்று பிரஷ்யாவின் முதல் மன்னர் முடிசூடினார். 1871இல் அதே நாளில் வெர்சாய் அரண்மனையில் ஜெர்மானியப் பேரரசு அறிவிக்கப்பட்டது. தோற்ற ஜெர்மனியின் விதியைத் தீர்மானிக்கும் பாரிஸ் அமைதி மாநாடு 1919இல் அதே ஜனவரி 18 அன்று தொடங்கியது. இவற்றைத் தனித்தனி வரிகளாக எழுதாமல் ஒரே பதிவில் கோத்துச் சொன்னால் வாசகருக்கு ஒரு கதையே கிடைத்துவிடும்.

ஜூன் 28 இன்னும் ஆழமானது. 1389இல் நடந்த கொசோவோ போரைச் செர்பியர்கள் தங்கள் திருச்சபையின் ஜூலியன் நாட்காட்டிப்படி ஜூன் 15 அன்று நினைவுகூர்கிறார்கள்; இருபதாம் நூற்றாண்டில் அது ஜூன் 28ஆக விழுந்தது. 1914இல் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சரயேவோவில் சுட்டுக் கொல்லப்பட்டது அந்த நாளில். அக்கொலையிலிருந்து மூண்ட போருக்கு முடிவு கட்டிய வெர்சாய் உடன்படிக்கை 1919இல் கையெழுத்தானதும் ஜூன் 28இல். போரின் அறுநூறாம் ஆண்டு நிறைவில், 1989 ஜூன் 28 அன்று, செர்பியத் தலைவர் ஸ்லோபோதான் மிலோசெவிச் கொசோவோவில் பெருந்திரள் முன் உரையாற்றினார். 2001இல் அதே தேதியில் அவர் ஹேக் நகரின் பன்னாட்டுத் தீர்ப்பாயத்திடம் ஒப்படைக்கப்பட்டார். மேலே சொன்ன கணக்கின்படி 1389இன் ஜூன் 15, கிரிகோரியனில் ஜூன் 23தான் ஆகும். ஆயினும் இங்கே பதின்மூன்று நாள் கூட்டப்பட்ட 28ஐயே வைக்க வேண்டும்; ஏனெனில் பிற்கால நிகழ்வுகளின்மீது நிழல் வீழ்த்தியது வானியல் கணக்கு அல்ல, மக்கள் கடைப்பிடித்த திருநாள்.

ஒரு தேதி வேண்டாம் என்று விலக்கப்படுவதும் வரலாறே. பெர்லின் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. எனினும் 1938இல் யூதர்களின் வழிபாட்டிடங்களும் கடைகளும் எரித்துச் சூறையாடப்பட்ட இரவும் நவம்பர் 9இல்தான் தொடங்கியது. ஒன்றிணைந்த ஜெர்மனியின் தேசிய நாள் அக்டோபர் 3 என்றே அமைந்தது.

மறுபுறம், பெரும்பாலான பொருத்தங்கள் தற்செயலே என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 23 பேர் கூடியிருக்கும் அறையில் எவரேனும் இருவருக்கு ஒரே பிறந்த நாள் அமைய வாய்ப்பு பாதிக்குச் சற்று அதிகம். இருக்கும் தேதிகளோ 366. நினைவில் நிற்கும் நிகழ்வுகளோ பல்லாயிரம். டார்வினும் ஆபிரகாம் லிங்கனும் 1809 பிப்ரவரி 12 என்ற ஒரே நாளில் பிறந்ததும், கென்னடி சுடப்பட்ட 1963 நவம்பர் 22 அன்றே எழுத்தாளர்கள் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் சி. எஸ். லூயிசும் மறைந்ததும் இவ்வகையே. அமெரிக்காவின் முன்னாள் அதிபர்கள் ஜான் ஆடம்சும் தாமஸ் ஜெபர்சனும் விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 1826 ஜூலை 4 அன்று சில மணி நேர இடைவெளியில் மறைந்தது நெஞ்சைத் தொடுகிறது. அதைத் தொடுவதாகவே எழுதலாம், காரணம் கற்பிக்காமல்.

தேர்வும் எழுத்தும்

இதற்குமேல் செய்ய வேண்டியவை சுருக்கமானவை. ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டுப் பதிவுகள் போதும். போர்களும் முடிசூட்டல்களும் மட்டுமே நிறைந்துவிடாமல் அறிவியல், விபத்து, சட்டம், விளையாட்டு ஆகியவற்றுக்கும் இடம் கொடுக்க வேண்டும். உயிரிழப்பு நேர்ந்த நிகழ்வுக்குப் பக்கத்திலேயே கொண்டாட்டச் செய்தி வருமாயின், ஆண்டு வரிசையே ஆனாலும், முன்னதற்கு ஒரு முழு வாக்கியமாவது ஒதுக்குங்கள். ஹெய்சல் மைதானத்தில் இறந்த 39 பேர் எவரெஸ்ட் வெற்றியின் வால்போல ஒட்டிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு பதிவிலும் யார், எங்கே, என்ன, அதனால் என்ன ஆயிற்று என்ற நான்கும் இருக்கட்டும். மாதிரிக்கு மூன்று:

1660: உள்நாட்டுப் போரில் முடியாட்சியை இழந்திருந்த இங்கிலாந்தில், இரண்டாம் சார்லஸ் தம் முப்பதாம் பிறந்த நாளன்று லண்டனுக்குள் நுழைந்தார், இன்றைய நாட்காட்டியில் இது ஜூன் 8.

1914: மூடுபனியில் நார்வேயின் சரக்குக் கப்பல் ‘ஸ்டோர்ஸ்டாட்’ மோதியதால், ‘எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து’ 14 நிமிடங்களில் மூழ்கியது, 1,012 பேர் உயிரிழந்தனர்.

1948: பாலஸ்தீனத்தில் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க வழிசெய்யும் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றியது, ஐ.நா. அமைதிகாப்போரின் பன்னாட்டு நாள் இதனாலேயே மே 29இல் அமைந்தது.

ஆண்டு நிறைவைக் கணக்கிடும்போது இரண்டு இடங்களில் நிதானம் வேண்டும். கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவே சுழி ஆண்டு இல்லை. ஆதலால் கி.மு. 44 மார்ச் 15 அன்று கொல்லப்பட்ட ஜூலியஸ் சீசரின் இரண்டாயிரமாவது நினைவாண்டு 1956 அல்ல, 1957. பிப்ரவரி 29க்குத் தனிப் பக்கம் வைத்தால், 1900 நெட்டாண்டு அல்ல என்பதும் நினைவிருக்கட்டும்: 1896 பிப்ரவரி 29 அன்று பிறந்த மொரார்ஜி தேசாய்க்கு அந்தத் தேதி மறுபடி வந்தது 1904இல்தான்.

கடைசியாக மே 29க்கு ஒரு பதிவு மிச்சமிருக்கிறது. டென்சிங் நோர்கேக்குத் தாம் பிறந்த தேதி தெரியாது. 1914ஆம் ஆண்டின் வசந்த காலம் என்ற அளவிலேயே அது அறியப்பட்டிருந்தது. எவரெஸ்ட் ஏறிய பின் அவர் மே 29ஐயே தம் பிறந்த நாளாகக் கொண்டாடினார். பிறப்புகளின் பகுதியில் ‘1914: டென்சிங் நோர்கே பிறந்தார்’ என்று எழுதினால் அது சான்றில்லாத செய்தி. ‘1953 முதல் இந்த நாளையே டென்சிங் தம் பிறந்த நாளாகக் கொண்டார்’ என்று எழுதினால் ஒவ்வொரு சொல்லும் உண்மை.